உலக்கைக்குத் திரும்பிய குழந்தை

கீழ்வீட்டில் தரையைப் பெயர்க்கிறார்கள். தொம். ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொம். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே என் உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை நடுவில் வெறுங்காலோடு நிற்கிறேன். நின்றுகொண்டே இருக்கிறேன். பால் பொங்கி அடுப்பை அணைத்து, அதன் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வருகிறது.

ஒரு வீட்டில் நிலைத்து இருக்க முடியாதவள் நான். ஊர் மாற்றி, தெரு மாற்றி, வாடகை வீடுகளாகவே போய்விட்டது பாதி ஆயுள். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பதற்கு முன் தரையைத்தான் பார்க்கிறேன். காலால் தட்டிப் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சொல்லி விளங்க வைக்கிற விஷயமா இது?

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். என் கணவர் அங்கே ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியார். ஒடுகத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை மலை என்பது துணி காயப்போடும்போது கண்ணில் படுகிற ஒரு நீலக் கோடு. கல்யாணமாகி அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்க் குடியிருப்பேன் என்று யார் நினைத்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தால், புடவைக் கரை முழுக்க ஒட்டுப்புல் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓட்டு வீடு. வாசலுக்கு எதிரே, மண்ணில் பாதி புதைந்த கல்லுரல் ஒன்று. அது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் பொது.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன். அவளுக்கு நான் வாத்தியாரம்மா. பேர்தான் மரியாதை, பேச்செல்லாம் நீ, வா, போதான். சாமை குத்த எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள். ஒரே உரலில் இரண்டு உலக்கை. அவளுடையது ஏறும்போது என்னுடையது இறங்க வேண்டும். முதல் நாள் என் உலக்கை அவள் உலக்கையில் மோதி, பூண் தெறித்தது. அவள் தன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "இன்னா வாத்தியாரம்மா, சாமையக் குத்தச் சொன்னா என்னியக் குத்தறியே." சிரித்தால் தொடையில் தட்டுவது அவள் பழக்கம். பிற்பாடு அதுவே அவளுடைய பெயரும் ஆயிற்று. அதைச் சொல்கிறேன்.

என் மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவள் பிறந்த சில நாட்களில் அக்காவுக்கும் ஒரு மகன் பிறந்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை உட்காரத் தொடங்கியதும், புதுச் சாமை களத்துக்கு வந்த பிறகு, ஒரு காலையில் குழந்தையை உரலுக்கு முதுகு காட்டி மண்ணில் உட்கார வைப்பார்கள். எதிரே ஒருத்தி குந்திக்கொண்டு கிலுக்குக் காட்டுவாள். பின்னால் இன்னொருத்தி சத்தமில்லாமல் உலக்கையைத் தூக்கி ஒரே ஒரு குத்து. குழந்தை திரும்பிப் பார்த்தால் அதற்குக் காது நல்ல காது. பார்த்த குழந்தையின் வாயில் ஒரு விரல் மலைத்தேன் தடவுவார்கள். ஊரில் இருக்கிற எல்லோரும் அப்படித் திரும்பிப் பார்த்தவர்கள்தான்.

என் மகளும் திரும்பினாள். வெறுமனே திரும்பவில்லை, வெடுக்கென்று திரும்பினாள். அக்காவின் மகன் கிலுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டாம் குத்துக்குத்தான் தலையைத் திருப்பினான்.

"என் புள்ள மந்தம், வாத்தியாரம்மா. உன்னுது கள்ளக் காது. காட்டுல எல வுழுந்தாக்கூட அதுக்குக் கேக்கும்" என்றாள் அக்கா.

அந்த வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் மகன் பேசத் தொடங்கி, பாட்டுப் பாடி, கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு அதற்காக அடிவாங்கிய பிறகும், என் மகள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. சிரிப்பாள். அழுவாள். தொண்டையில் ஒரு முனகல் வைத்திருப்பாள், புறா மாதிரி. அவ்வளவுதான். நாக்கில் வசம்பு தேய்த்தோம். படவேட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டோம். ஒடுகத்தூரிலிருந்து என் அம்மா வந்து, "காது கேக்குதா பாத்தியாடி?" என்று கேட்டபோது அக்கா எனக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "ஒலக்கை வச்சுப் பாத்தாச்சும்மா. காது படு காது. வாய்தான் லேட்டு. சில கெளைங்க லேட்டாத்தான் துளிர்க்கும்." அம்மா சமாதானமானாள். நானும். உலக்கை விழும்போதெல்லாம் மகள் திரும்புகிறாளே. தினம் பார்க்கிறேனே. கண்ணால் பார்ப்பதை எப்படி நம்பாமல் இருப்பது?

பேச்சுதான் வரவில்லையே தவிர, அவள் சும்மா இருந்தவள் இல்லை. கையால் பேசினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூக்குத்தியைப் பிடித்து இழுப்பதுபோல் செய்தால் நான். காற்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் அவள் அப்பா. தொடையில் தட்டினால் அக்கா. உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்து ஊதினால் சாமை. ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடினால் புளி. மணிக்கட்டை நக்கினால் தேன். இவற்றைச் சேர்த்து அவள் கதையே சொல்வாள். அக்கா தேனை ஒளித்துவைத்திருக்கிறாள், அவள் மகன் திருடினான், தேனீ அவன் உதட்டில் கொட்டியது, அப்பா அவனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். இத்தனையும் கையும் கண்ணும் புருவமும்தான். நானும் கையாலேயே கேள்வி கேட்பேன். அடுப்படியில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஊரில் உள்ள எல்லோரையும் வம்பு பேசுவோம், ஒரு சத்தம் இல்லாமல். என் வாழ்நாளில் யாரோடும் நான் அவ்வளவு பேசியதில்லை.

அவளுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலம். அவளுக்குக் காய்ச்சல். தரை ஈரமாக இருந்ததால் கயிற்றுக் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போட்டு அதில் உட்கார வைத்திருந்தேன். கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் ஒதுங்கி நின்ற ஒரு கோழியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டதும் அக்கா உலக்கையோடு வந்தாள். குத்தினோம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

அவள் திரும்பவில்லை.

நான் உலக்கையை நிறுத்தினேன். "அக்கா, நீ மட்டும் ஒரு குத்து போடு."

போட்டாள். மகள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜொரம் இல்ல? காத அடைச்சிக்கினு கீது" என்றாள் அக்கா.

நான் போய் மகளைத் தூக்கி ஈரத் தரையில் நிற்க வைத்தேன், முதுகு உரல் பக்கம். கையைக் காட்டினேன். அக்கா குத்தினாள். மகள் வெடுக்கென்று திரும்பினாள். தூக்கிக் கட்டிலில் வைத்தேன். குத்து. கோழி பயந்து ஓடியது. மகள், கோழி ஏன் ஓடுகிறது என்று எங்களைப் பார்த்துக் கையால் கேட்டாள்.

அக்கா உலக்கையைப் பார்த்தாள். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு, உரலுக்கு முதுகு காட்டி, மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டாள். கண்ணையும் மூடினாள். "குத்து" என்றாள். குத்தினேன்.

"தெரியுது" என்றாள்.

"எங்கக்கா?"

"குண்டிக்குத் தெரியுது, வாத்தியாரம்மா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அப்ப ஊர்ல அத்தினி பேர் காதையும் நாங்க குண்டிலதான் பாத்துக்கினு இருந்தமா."

தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு முதலில் நின்றது. எனக்கு நிறுத்த வரவில்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் இருந்த மகள் மூக்குத்தியைத் தொட்டு, கன்னத்தில் விரலால் கோடு இழுத்தாள். அம்மா, அழறியா.

கீழே, நகரத்து ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்குப் பேச்சுச் சொல்லித்தருகிற ஒரு டீச்சர் இருந்தார். வெள்ளைப் புடவை, ஒல்லியான உடம்பு, ஒவ்வொரு வார்த்தையையும் கழுவி எடுத்து வைப்பதுபோல் பேசுவார். சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய ஓர் அறை. அவர் குழந்தையைத் தரையில் விடவே இல்லை. என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் நின்று மணி அடித்தார், தகர டப்பாவைத் தட்டினார், விசில் ஊதினார். என் நெஞ்சு ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டது. மடியில் இருந்தவள் என் வளையலை எண்ணெய் போட்டுக் கழற்றுவதுபோல் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

உலக்கைக் கதையை நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க ஊர்ல மத்த குழந்தைகளுக்கும் இப்படித்தான் பார்க்கிறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காது சுத்தமாப் போகலைம்மா. ஒரு ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. மெஷின் மாட்டி, அந்த மிச்சத்தை வச்சுக்கிட்டு பேச்சுக் கொண்டுவரலாம். ஆனா மொழி ஒட்டுறதுக்குன்னு ஒரு வயசு இருக்கு. ரெண்டு வயசுல வந்திருந்தீங்கன்னா எனக்குக் கவலையே இல்லை. இப்பவும் காலம் போயிடலை. போய்க்கிட்டிருக்கு."

என் கணவர், "நாங்க இன்னா பண்ணணும்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

செய்ய வேண்டியதையெல்லாம் டீச்சர் சொன்னார். வெளிச்சம் வாய்மேல் விழும்படி உட்கார வேண்டும். முகத்துக்கு நேராக, மெதுவாக, தெளிவாகப் பேச வேண்டும். அழுதுகொண்டு பேசக்கூடாது. உதடு கோணினால் குழந்தைக்கு அது வேறு வார்த்தை. கடைசியாகத்தான் அதைச் சொன்னார்.

"கைஜாடை மட்டும் இன்னியோட நிறுத்திடணும். கையிலயே காரியம் முடிஞ்சுட்டா அது எதுக்கு வாயைத் திறக்கப் போகுது? அது கையால கேட்டா, நீங்க புரியாத மாதிரி இருங்க. வாய் வரும்வரைக்கும் குடுக்காதீங்க. உங்க கை தானா எழுந்திருச்சா முந்தானைக்குள்ள விட்டுக்குங்க."

அந்தக் காலத்தில் படித்தவர்கள் அனேகமாக எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளின் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மலைக்குத் திரும்பினோம். மகளின் நெஞ்சில் வார்ப்பட்டையோடு கட்டிய ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். ஊர் முழுக்கப் பார்க்க வந்தது. "இன்னா வாத்தியாரே, சிலோன் ரேடியோ புடிக்குதா?" என்று ஒரு கிழவர் கேட்டார். இன்னொருத்தர் பெட்டியிடம் குனிந்து, "வேலூர்ல மழையா, கேளு" என்றார். பெட்டி ஊய் என்று விசிலடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அன்று மாலை அவள் அடுப்படிக்கு வந்தாள். மூக்குத்தியை இழுத்தாள், மணிக்கட்டை நக்கினாள். அம்மா, தேன். நான் அவள் முகத்தைப் பார்த்து, "தேன் வேணுமா? தேன்" என்றேன். என் கைகள் முந்தானைக்குள் இருந்தன. அவள் இன்னொரு முறை நக்கிக் காட்டினாள். நான் புரியாத மாதிரி இருந்தேன். அவள் என் முந்தானையை விலக்கி, உள்ளே இருந்த கைகளை வெளியே எடுத்து, என்ன ஆயிற்று என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. வார்த்தையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் சொல்கிறேன்.

வீடு மௌனமாகிவிட்டது. உண்மையில் சத்தம் கூடியிருந்தது. காலையிலிருந்து நான் பேசிக்கொண்டே இருந்தேன். இது சோறு, இது தண்ணி, இது முறம், இது வெளக்கமாறு. ஜன்னலோரம் கண்ணாடியை வைத்துக்கொண்டு, உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு, பா, பா, பா. காகிதம் ஆடினால் சரி. அவள் கையை என் தொண்டையில் வைத்துக்கொள்வேன். அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. என் தொண்டைக்குள் ஒரு சின்ன உலக்கை இருப்பதைக் கண்டுபிடித்தவள்போல் கண் விரியும். ஆனால் காகிதத்தை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாத்திரத்தை எறிந்தாள். என் கையைக் கடித்தாள். கடைசியில் கையால் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். கேட்க ஆள் இல்லாவிட்டால் யார்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்?

அக்கா வீட்டில் மட்டும் பேசினாள். அது எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் கைகள் பறப்பது தெரியும். நான் போய், "அக்கா, டீச்சர் வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"நான் இன்னா பண்ணேன்? புள்ள பசிக்குதுன்னுச்சி. களி குடுத்தேன்."

"வாயால கேட்டாத்தான் குடுக்கணும்."

"ஒரு சொல்லு தெரியாத புள்ள வாயால எப்பிடிக் கேக்கும்?" கையில் இருந்த களியை வட்டிலில் அறைந்தாள். "பேசிக்கினு இருந்த புள்ளைய ஊமையாக்கிட்டியே, வாத்தியாரம்மா."

கொஞ்ச நாள் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகக் குத்தினோம். தனி உலக்கைக்குச் சாமை சீக்கிரம் உமி விடாது.

ஒரு நாள் காகிதம் ஆடியது. "பா" என்றாள். உடைந்த, கனத்த ஒரு சத்தம். ஆனால் பா. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். என் கணவர் பாடத்தை நிறுத்திவிட்டு, "அப்பாவைக் கூப்பிடுது" என்று பிள்ளைகளிடமே சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. அப்பா என்பது காற்றில் போடுகிற ஒரு சாக்பீஸ் கோடு என்று அவளுக்குத் தெரியும். இது வேறு. இது, சொன்னால் ஜன்னலோரத்திலிருந்து விட்டுவிடுவார்கள், வாயில் ஒரு விரல் தேன் கிடைக்கும், வெளியே உரலடிக்குப் போகலாம் என்கிற சத்தம். தினமும் காலையில் உட்கார்ந்ததும் அவளாகவே "பா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பாள். சொல்லிவிட்டேன், விடு.

மாதம் ஒரு முறை கீழே போனோம். டீச்சர் சந்தோஷப்பட்டார், ஆனால் போதாது என்றார். "தினம் பயிற்சி வேணும்மா. மலையில ஈரத்துக்கு பேட்டரியே நிக்கலைங்கறீங்க. விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. இப்போ சின்னக் குழந்தைகளையும் எடுத்துக்கறாங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க. ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

"அஞ்சு வயசுகூட ஆவலைங்க" என்றேன் வரும் வழியில், பஸ்ஸில்.

"ஆவலைன்னுதான் கூப்பிடறாங்க" என்றார் கணவர். "ஆயிட்டா கூப்பிட மாட்டாங்க."

முடிவை நான் தள்ளிப்போட்டேன். புளி உலுக்குகிற பருவம் வந்தது. ஆண்கள் மரத்தில் ஏறிக் கோலால் அடிப்பார்கள், கிளையை உலுக்குவார்கள். கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவோம். காய்ந்த கிளை முறிந்தால் மேலேயிருந்து குரல் கொடுப்பார்கள், கீழே இருக்கிறவர்கள் விலகிக்கொள்வார்கள். அதுதான் முறை. அன்று மேலேயிருந்து குரல் வந்தது. எல்லோரும் விலகினார்கள். என் மகள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயில் ஒரு புளியோடு, அங்கேயே குந்தியிருந்தாள். அவள் பெட்டி வீட்டில் இருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. நான் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன். நான் கத்தினேன். கத்தி என்ன? அக்காதான் பாய்ந்து அவளைக் காலைப் பிடித்து இழுத்தாள். கிளை விழுந்த இடத்தில் அவள் கூடை நசுங்கிக் கிடந்தது.

அக்கா முட்டியெல்லாம் சிராய்ப்போடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மகளை மடியிலிருந்து விடவில்லை. மூச்சு வாங்கியது.

"கூட்டிம்போ" என்றாள். "எங்க சொன்னாங்களோ அங்க கூட்டிம்போ, வாத்தியாரம்மா. பேச வருதோ வரலியோ. நானு எத்தினி மரத்தாண்ட நிப்பேன்?"

கிளம்புகிற காலையில் அக்கா உரலடிக்கு வந்தாள். வெறும் உரலை இடிக்கக்கூடாது என்று ஒரு கைப்பிடி சாமையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொட்டினாள். மகளின் செருப்பைக் கழற்றிவிட்டு அவளை மண்ணில் நிற்க வைத்தாள், உரலுக்கு முகம் காட்டி. குத்தினாள். ஏதோ அவசரமில்லாத வேலைபோல, ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் நிறுத்தி. மகள் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் வைத்துக்கொண்டாள். அக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கையாலும் சொல்லவில்லை. நான் பார்க்கிறேன் என்பதற்காக இருக்கலாம். சாமை நன்றாக மாவாகிப் போகும்வரை குத்தினாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கெட்டதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. சின்னச் சின்னக் கட்டில்கள். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை. என் மகள் அதில் காலை உதைத்துப் பார்த்தாள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மலையில் அவள் அப்படித்தான் செய்வாள், மண்ணை உதைத்தால் யாராவது திரும்புவார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை. உதைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். எடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பேச்சு வந்ததா என்று கேட்பார்கள். வந்தது, கொஞ்சம். கடைக்குப் போய்ப் பொருள் கேட்டு வாங்குகிற அளவுக்கு. இப்போது வேறு ஊரில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் கணவருக்கும் காது கேட்காது. அந்த விடுதியில், விளக்கணைத்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொண்ட பாஷையில்தான் வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவு வேகம். அவ்வளவு சிரிப்பு. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றும் புரியாது. என்னிடம் திரும்பும்போது அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, தெளிவாக, வாயால் பேசுவாள். சாப்பிட்டியா அம்மா. ஒரு முறை நான் மணிக்கட்டை நக்கிக் காட்டினேன். அவள் ஈரத்துணி எடுத்துவந்து என் கையைத் துடைத்துவிட்டாள்.

அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, பள்ளிக்கூட வாசலில், வகுப்பு டீச்சர் எங்களோடு நின்றிருந்தார். சிறு வயது. அவருக்கும் முதல் வருஷமாக இருக்கலாம்.

"கை காட்டாதீங்கம்மா. முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. அழாம சொல்லுங்க, அப்பதான் அதுக்குப் புரியும்."

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி திரும்பிக்கொண்டேன். கைகளை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். உதட்டை நேராக வைத்துக்கொள்வது அவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

"அம்மா ஊருக்குப் போறேன். நீ இங்க இரு. டீச்சர் சொல்றதைக் கேளு."

அவள் என் வாயைப் பார்க்கவில்லை. முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என் விரல்கள் அசைவது தெரிந்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, என் கணவரையும் டீச்சரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. முகம் தெளிந்தது. தரையில் வைத்திருந்த எங்கள் துணிப்பையை இரண்டு கையாலும் தூக்கி, அதன் கனத்தில் சற்றுச் சாய்ந்துகொண்டு, என்னிடம் நீட்டினாள். தினமும் ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்காருவாளே, அதுபோல் நேராக நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பா" என்றாள்.

"பாருங்க, எவ்வளவு நல்லா சொல்லுது" என்றார் டீச்சர். "நீங்க கிளம்புங்கம்மா."

நான் பையை வாங்கிக்கொள்ளாததைப் பார்த்து, காகிதம் ஆடவில்லையோ என்று நினைத்திருப்பாள். இன்னும் பக்கத்தில் வந்து, என் முகத்தில் காற்று படும்படி, முன்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"பா. பா."